சாமானியர் வரலாற்றைத் தேடி ஸ்காட்லாந்தில்

எடின்பரோ கோட்டையிலிருந்து ராயல் மைல் தெருவில் இறங்கி நடந்தால் இரண்டு பக்கமும் கடைகள். கட்டம் போட்ட கம்பளித் துணிகளுக்கும் விஸ்கி பாட்டில்களுக்கும் நடுவே, சுழலும் கம்பித் தட்டுகளில் வரலாற்றுப் புத்தகங்களை அடுக்கியிருக்கிறார்கள். வில்லியம் வாலஸ், ராபர்ட் புரூஸ், மேரி அரசி, இளவரசர் சார்லி என்று அட்டைகளில் அதே நான்கைந்து முகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. குலப்பெயர் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சிறு நூல். அட்டையில் அந்தக் குலத்துக்கு உரியது என்று சொல்லப்படும் டார்ட்டன் கட்டம். அந்தத் தட்டைச் சுற்றிப் பார்த்து முடித்தவர், ஸ்காட்லாந்தில் உழுதவர்களும் நெய்தவர்களும் நிலக்கரி வெட்டியவர்களும் இருந்ததாகவே அறியாமல் ஊர் திரும்பலாம்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த உழுதவர்களும் வெட்டியவர்களும்தான். எடின்பரோவில் தொடங்கி வடகோடிக் கடற்கரை வரை போவது, ஸ்கை தீவு வழியாகத் திரும்பி கிளாஸ்கோவில் முடிப்பது, போகும் இடமெல்லாம் அந்த மண்ணின் மக்களைப் பற்றிய நல்ல புத்தகம் எது என்று விசாரித்து அங்கேயே உட்கார்ந்து படிப்பது என்று திட்டமிட்டுக்கொண்டேன்.

டார்ட்டன் நூல்களை ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. 1842இல் ‘வெஸ்டியேரியம் ஸ்காட்டிகம்’ என்ற ஆடம்பரமான நூல் வெளிவந்தது. குலங்களுக்குப் பழங்காலத்திலிருந்தே தனித்தனிக் கட்டங்கள் இருந்தன, அதற்கு ஒரு பழைய கையெழுத்துச் சுவடி ஆதாரம் என்று அதைக் கொண்டுவந்த சகோதரர்கள் இருவர் சொன்னார்கள். தாங்கள் இளவரசர் சார்லியின் பேரன்கள் என்றும் சொல்லிக்கொண்டார்கள். சுவடியும் போலி, வம்சமும் போலி. ஆனாலும் இன்று கடைகளில் விற்கும் பல கட்டங்களுக்கு அந்த நூலே மூலம். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பு, 1822இல், நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பில் பெரிய மனிதர்கள் எல்லாம் ஹைலண்ட் உடை உடுத்தி நின்றார்கள். அந்தக் காலகட்டத்தில்தான் வடக்கு மலைப்பகுதியில் உண்மையான ஹைலண்ட் குடியானவர்கள் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டார்கள். உடையைக் கொண்டாடும் நூல்களில் உடுத்தியவர்களின் கதை இல்லை.

கோட்டைக்குத் தெற்கே வெஸ்ட் போர்ட் தெருவில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஒரு கடையில் நுழைந்து வரலாற்றுப் பகுதி எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் முதியவர். “எந்த ராஜா காலம் வேண்டும்?” என்றார். “ராஜா வேண்டாம், மக்கள் வேண்டும்” என்றேன். முகம் மலர்ந்து, ஏணியை நகர்த்தி, மேல்தட்டிலிருந்து ஒரு தடித்த பேப்பர்பேக்கை எடுத்துத் தந்தார். டி. சி. ஸ்மவுட் எழுதிய ‘எ ஹிஸ்டரி ஆஃப் தி ஸ்காட்டிஷ் பீப்பிள் 1560–1830’. முதல் பதிப்பு 1969. “இதைப் படித்த பிறகு மற்றதைப் பற்றிப் பேசலாம்” என்றார்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து வரலாற்றெழுத்தின் போக்கை மாற்றிய நூல்களில் அது ஒன்று. அரசியலைச் சுருக்கமாக முடித்துவிட்டு, சமவெளி விவசாயிகள், தொழிலாளர்கள், ஹைலண்ட் மக்கள், பள்ளிக்கூடம், சோறு, சாவு என்று ஸ்மவுட் நேரே குடிகளிடம் போய்விடுகிறார். சுரங்கத் தொழிலாளர் பற்றிய பக்கங்களை அன்றிரவு விடுதி அறையில் படித்தேன். 1606ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, முந்தைய முதலாளியின் சான்று இல்லாமல் நிலக்கரித் தொழிலாளியையும் உப்புக் காய்ச்சுபவரையும் வேறு யாரும் வேலைக்குச் சேர்க்கக் கூடாது என்றது. ஓடிப்போனவர் திருடராகவே கருதப்பட்டார். தன் உழைப்பைத் தானே திருடிக்கொண்டு போனாராம். குழந்தை ஞானஸ்நானம் பெறும்போது தகப்பன் கையில் முதலாளி கொஞ்சம் காசு வைப்பார். அந்தக் காசோடு குழந்தையும் சுரங்கத்துக்கு எழுதி வைக்கப்பட்டுவிடும். 1775இல் ஒரு சட்டம், 1799இல் இன்னொரு சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தளை முழுதாக அறுந்தது. டேவிட் ஹ்யூமும் ஆடம் ஸ்மித்தும் மனித சுதந்திரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த எடின்பரோ குளிர்காய்ந்த கரி, இப்படிப்பட்ட கைகளால் வெட்டப்பட்டது. கம்பித் தட்டில் இருந்த எந்த நூலும் இதைச் சொல்லவில்லை.

அன்று ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவைப் புரட்டுவேன். வாடகை, கூலி, உருளைக்கிழங்கு, பெண்கள், கேலிக் மொழி, அடிமை வணிகம் என்ற சொற்களுக்கு எத்தனை பக்க எண்கள் இருக்கின்றன என்று பார்ப்பேன். அது மக்கள் வரலாறா, மன்னர் வரலாறா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெர்த்ஷயரில், கிரீஃப் நகருக்கு அருகே எர்ன் நதிக்கரையில் இன்னர்பெஃப்ரே என்ற சிற்றூர். வயல்களுக்கு நடுவே ஒரு பழைய தேவாலயம், அதை ஒட்டி ஒரு நூலகம். 1680இல் டேவிட் டிரம்மண்ட் என்ற பிரபு நிறுவியது. ஸ்காட்லாந்தில் இலவசமாகப் புத்தகம் இரவல் கொடுத்த முதல் பொது நூலகம். இப்போதுள்ள கட்டடம் 1762இல் எழுந்தது. படியேறி மாடிக்குப் போனால் உயர்ந்த சன்னல்கள் வழியே வெளிச்சம் கொட்டும் ஒரே அறை. சுவரெல்லாம் தோல் அட்டைப் புத்தகங்கள்.

ஆனால் என்னை அங்கே நிறுத்தி வைத்தது இரவல் பதிவேடு. 1747இல் தொடங்கி 1968 வரை எழுதப்பட்டது. புத்தகம் எடுத்தவர்களின் பெயர், ஊர், எடுத்த நூல் என்று வரிசை போகிறது. பலருக்குத் தொழிலும் குறித்திருக்கிறது. பாதிரியார், பள்ளி ஆசிரியர் ஆகியோருக்கு அடுத்தடுத்த வரிகளில் நெசவாளி, கொத்தனார், தையற்காரர், செருப்புத் தைப்பவர். சில கையெழுத்துகள் தேர்ந்தவை. சிலவற்றில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, மை அழுந்தி, சிரமப்பட்டு எழுதப்பட்டிருக்கிறது. சமய உரைகளையும் வரலாற்று நூல்களையும் அவர்கள் சுமந்துகொண்டு வயல்வெளியில் மைல்கணக்கில் நடந்து போயிருக்கிறார்கள். ஒவ்வொரு பாரிஷிலும் பள்ளிக்கூடம் வேண்டும் என்ற 1696ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி நூல்களில் படித்திருந்தேன். அந்தச் சட்டம் எத்தனை தூரம் நிறைவேறியது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே வாதம் உண்டு. ஏட்டில் இருந்ததெல்லாம் ஊரில் இருந்துவிடவில்லை. ஆனாலும் அந்தக் கொத்தனாரின் கையெழுத்து ஒரு சாட்சி. இப்படிப்பட்ட பதிவேடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் தேடிப் போய்ப் பார்த்து எழுதிய ஆசிரியரை நம்பி வாங்கலாம். பிறர் எழுதியதை மட்டும் வைத்து எழுதியவரை அந்த அளவுக்கு நம்ப முடியாது.

வடக்கே இன்வர்னெஸ் நகரத்தில், 1793இல் கட்டிய பழைய கேலிக் தேவாலயத்துக்குள் லீக்கீஸ் என்ற பழைய புத்தகக் கடை இருக்கிறது. நடுவில் விறகு அடுப்பு எரிகிறது. சுருள் படிக்கட்டில் ஏறினால் மாடம் முழுவதும் புத்தகம். அங்கேதான் ஜான் பிரெபிள் எழுதிய ‘கல்லோடன்’ (1961) கிடைத்தது. மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு கல்லோடன் வெளிக்குப் போனேன். 1746 ஏப்ரல் 16 அன்று இங்கே நடந்த சண்டை ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. இளவரசர் சார்லிக்காகப் போரிட்ட ஜாக்கோபைட் தரப்பில் ஏறத்தாழ 1,500 பேர் செத்தார்கள். குலப்பெயர் பொறித்த கற்கள் 1881இல் நட்டவை. ஆங்கிலேயருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் நடந்த போர் என்றே பலரும் நினைக்கிறார்கள். அரசுப் படையிலும் ஸ்காட்லாந்து ரெஜிமெண்டுகள் நின்றன. பிரெபிள் இளவரசரின் சாகசக் கதையை விட்டுவிட்டு, பட்டினியோடும் தூக்கமில்லாமலும் மழையில் நின்ற சாதாரணச் சிப்பாயின் பக்கம் போகிறார். அவர் நாவலாசிரியரும் பத்திரிகைக்காரருமாக இருந்தவர். நடையில் வேகம் உண்டு. ஆதாரங்களைக் கையாள்வதில் அவசரப்படுகிறார் என்று பேராசிரியர்கள் பலர் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் லட்சக்கணக்கானவர்களை இந்த வரலாற்றுக்குள் கைபிடித்து அழைத்து வந்தவர் அவர். முதலில் அவரைப் படிக்கலாம். அவரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

இன்வர்னெஸிலிருந்து வடக்கே போகும் ஏ9 சாலையில், ஈவன்டன் ஊரைத் தாண்டும்போது இடப்பக்க மலையுச்சியில் கல் வளைவுகள் தெரிகின்றன. ஃபைரிஷ் நினைவுச் சின்னம். நாகப்பட்டினக் கோட்டை வாசலின் மாதிரி அது. 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கிய ஹெக்டர் மன்றோ இந்த ஊர் நிலக்கிழார். பசியால் வாடிய உள்ளூர் மக்களுக்கு வேலை கொடுக்கக் கட்டியதாகச் சொல்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று அவர் கற்களை மலையிலிருந்து உருட்டிவிடச் செய்வார் என்றும் ஊரில் ஒரு கதை உலவுகிறது. பைன் காட்டு வழியே ஏறிப்போய் அந்த வளைவுகளுக்குக் கீழே நின்றபோது, கீழே குரோமார்ட்டி கடற்கழி விரிந்து கிடந்தது. நாகையில் குண்டடிபட்டவர்கள் யார், இங்கே கல் சுமந்தவர்கள் யார் என்ற இரண்டு கேள்விகளும் ஒரே மலையில் எழுகின்றன.

நம் பக்கம் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஹெக்டர் மன்றோ மட்டுமல்ல. மதராஸ் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். நம் ஊர்க் கல்வெட்டுகளையும் சுவடிகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி, லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேக்காரர். இலங்கையில் 1867இல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரரே. ஸ்காட்லாந்து மக்கள் பட்ட துன்பத்தை மட்டும் சொல்லி, அவர்கள் வெளியே போய்ச் செய்ததைச் சொல்லாத நூல் பாதி நூல். டாம் டிவைன் இதில் முக்கியமானவர். 2003இல் வந்த அவருடைய ‘ஸ்காட்லாண்ட்ஸ் எம்பயர்’ இந்தியாவையும் கரீபியனையும் விரிவாகப் பேசுகிறது. 2015இல் அவர் பதிப்பித்த ‘ரிகவரிங் ஸ்காட்லாண்ட்ஸ் ஸ்லேவரி பாஸ்ட்’, கரும்புத் தோட்ட அடிமை முறையில் ஸ்காட்லாந்துக்கு இருந்த பங்கை மூடி மறைத்த பழக்கத்தை உடைத்தது.

ஸதர்லண்டின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்குக்கு ஒற்றைத் தடச் சாலை போகிறது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். சயர் என்ற இடத்துக்கு அருகே வண்டியை விட்டுவிட்டு மரக்காட்டுக்குள் நடந்தால், திடீரென்று திறந்த புல்வெளி. ரோசல் என்ற கிராமம் இருந்த இடம். முழங்கால் உயரத்துக்குக் கற்சுவர் அடித்தளங்கள், மேலே புல் மூடிக் கிடக்கின்றன. ஒரு முனையில் மனிதர்களும் மறு முனையில் மாடுகளும் இருந்த நீண்ட வீடுகள். தானியம் உலர்த்திய சூளையின் வட்டக் குழி. உழுத வரிமேடுகள் இன்னும் புல்லுக்கடியில் தெரிகின்றன. 1814க்கும் 1820க்கும் இடையே இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் காலி செய்யப்பட்டது. நிலம் ஸதர்லண்ட் சீமாட்டியுடையது. ஆட்டுப் பண்ணைக்குக் குத்தகை பேசியாகிவிட்டது. வெளியேற்றிய பண்ணை அதிகாரிகளில் ஒருவரான பேட்ரிக் செல்லர் தானே அந்த நிலத்தில் ஆடு வளர்க்கக் குத்தகை எடுத்திருந்தார். வீட்டுக் கூரைகள் எரிக்கப்பட்டன. நடக்க முடியாத ஒரு மூதாட்டி எரியும் வீட்டிலிருந்து தூக்கிவரப்பட்டு, சில நாட்களில் இறந்தார். 1816இல் இன்வர்னெஸ் நீதிமன்றத்தில் செல்லர் மீது வழக்கு நடந்தது. குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். வழக்குத் தொடுக்கக் காரணமாக இருந்த உள்ளூர் நீதி அதிகாரிதான் பதவி இழந்தார்.

இந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு புத்தகங்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவ், அப்போதைய ஸதர்லண்ட் கோமகளின் விருந்தினராக இருந்துவிட்டு, 1854இல் ‘சன்னி மெமரீஸ் ஆஃப் ஃபாரின் லாண்ட்ஸ்’ என்ற பயண நூலை வெளியிட்டார். ஸதர்லண்டில் நடந்ததை முன்னேற்றம் என்று அதில் பாராட்டியிருந்தார். ரோசலில் பிறந்து, தன் கண்ணால் பள்ளத்தாக்கு எரிந்ததைப் பார்த்து, பின்பு தானும் துரத்தப்பட்ட கல்தச்சர் டொனால்ட் மெக்லியோட் அப்போது கனடாவில் இருந்தார். பத்திரிகைக்குத் தான் முன்பு எழுதிய கடிதங்களை விரிவாக்கி, 1857இல் டொராண்டோவிலிருந்து ‘க்ளூமி மெமரீஸ்’ என்று பதில் நூல் போட்டார். அமெரிக்க அடிமைகளின் துயரத்தை உலகுக்குச் சொன்ன பெரிய எழுத்தாளர், விருந்து வைத்தவர் சொன்னதை இங்கே நம்பிவிட்டார். கல்தச்சரிடம் கோபமும் மிகையும் உண்டு. ஆனால் பெயர்களும் இடங்களும் இருக்கின்றன. ஆற்றுக்கு அக்கரையில், சாலையோரத்தில் அவருக்கு ஒரு நினைவுக்கல் நட்டிருக்கிறார்கள்.

அந்தப் புல்வெளியில் ஒரு சுவரின் மேல் உட்கார்ந்து படிப்பதற்காக இன்னும் இரண்டு நூல்களைக் கொண்டுபோயிருந்தேன். எரிக் ரிச்சர்ட்ஸ் எழுதிய செல்லரின் வாழ்க்கை வரலாறு, மக்கள்தொகைப் பெருக்கம், கம்பளி விலை, நிலக்கிழாரின் கணக்கு என்று நிதானமாக எடைபோடுகிறது. ஜேம்ஸ் ஹண்டரின் ‘தி மேக்கிங் ஆஃப் தி கிராஃப்டிங் கம்யூனிட்டி’ (1976) குடியானவர்களின் வாக்குமூலங்களிலிருந்து எழுதப்பட்டது. கணக்கு மட்டும் படித்தால் எரிந்த கூரை மறந்துபோகும். கூரையை மட்டும் பார்த்தால் ஏன் எரிந்தது என்பது புரியாது. இரண்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஹண்டரின் வாக்குமூலங்கள் பல எங்கிருந்து வந்தன என்று தேடிக்கொண்டே ஸ்கை தீவின் பிரேஸ் கிராமத்துக்குப் போனேன். 1882இல் மேய்ச்சல் நிலத்துக்காக வாடகை தர மறுத்த குடியானவர்களைப் பிடிக்க கிளாஸ்கோவிலிருந்து போலீஸ் வந்தது. ஊர்ப் பெண்கள் கல்லெறிந்து எதிர்த்தார்கள். அந்தக் கொந்தளிப்பால் அரசு நேப்பியர் பிரபு தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தது. 1883 மே மாதம் கமிஷன் தன் முதல் அமர்வை பிரேஸ் ஊரில்தான் நடத்தியது. முதல் சாட்சி ஆங்கஸ் ஸ்டூவர்ட், வாய் திறப்பதற்கு முன்பு ஓர் உறுதி கேட்டார்: உண்மையைச் சொன்னதற்காக நிலத்தைப் பறிக்க மாட்டோம் என்ற உறுதி. 700க்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். பலர் கேலிக் மொழியில் பேசினார்கள். எத்தனை மாடு, எத்தனை வாடகை, எந்த ஆண்டு எந்த நிலம் போயிற்று என்று கேள்வியும் பதிலுமாக அச்சிட்ட அந்தத் தொகுதிகளை இன்று கணினியிலேயே படிக்கலாம். அந்தச் சாட்சிகளின் பலனாக 1886இல் வந்த சட்டம் கிராஃப்டர்கள் எனப்படும் இந்தச் சிறு குடியானவர்களுக்கு நிலத்தில் நிலையான உரிமையும் நியாயமான வாடகையும் கொடுத்தது.

ஹைலண்டோடு நின்றுவிட்டால் படம் கோணலாகிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான ஸ்காட்லாந்துக்காரர்கள் நகரங்களில் வாழ்ந்தவர்கள். 1911இல் நாட்டு மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஓரறை, ஈரறை வீடுகளில் இருந்தார்கள். ஸ்மவுட்டின் இரண்டாம் நூலான ‘எ செஞ்சுரி ஆஃப் தி ஸ்காட்டிஷ் பீப்பிள் 1830–1950’ (1986) அந்த வீடுகளுக்குள் நம்மைக் கூட்டிப்போகிறது. அதை கிளாஸ்கோ மிட்செல் நூலகத்தில் படித்துவிட்டு கோவன் பகுதிக்குப் போனேன். சுரங்கரயில் நிலையத்துக்கு அருகே மேரி பார்பரின் சிலை, 2018இல் வைத்தது. பின்னால் ஒரு கூட்டமே நடந்து வருவதுபோல் வடித்திருக்கிறார்கள். 1915இல், ஆண்கள் போருக்கும் ஆயுதத் தொழிற்சாலைக்கும் போயிருந்த நேரத்தில், வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் ஏற்றிய வாடகையைத் தர மாட்டோம் என்றார்கள். காலி செய்விக்க ஆள் வந்தால் மணியடித்துக் கூடி, மாவுப் பொட்டலம் வீசி விரட்டினார்கள். சுமார் 20,000 குடும்பங்கள் சேர்ந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் அரசு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. பொது வரலாறுகள் இப்படிப்பட்ட பெண்களுக்கு ஒதுக்கும் இடம் குறைவு. 2006இல் எடின்பரோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஸ்காட்லாந்துப் பெண்களின் வாழ்க்கை வரலாற்று அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

ஸ்காட்லாந்து மக்களைப் பற்றி ஒரே ஒரு நூல்தான் படிக்க முடியும் என்பவருக்கு ஸ்மவுட்டின் 1969 நூலைச் சொல்வேன். இரண்டு முடியும் என்றால் டிவைனின் ‘தி ஸ்காட்டிஷ் நேஷன்’ (1999). ஹைலண்ட் பக்கம் மனம் போனால் ரிச்சர்ட்ஸும் ஹண்டரும் சேர்த்து. நேரம் இருப்பவர்கள் நேப்பியர் கமிஷனின் சாட்சியங்களில் ஏதேனும் ஒரு ஊரை எடுத்து முழுதாகப் படியுங்கள். எந்த நாட்டு வரலாற்று நூலை வாங்கப் போனாலும், கடையில் நின்றபடியே மூன்று கேள்விகள் கேளுங்கள்: உழைத்தவர்கள் இதில் பெயரோடு வருகிறார்களா? அவர்கள் பேசிய பேச்சு எங்கிருந்து எடுக்கப்பட்டது? அந்த மக்கள் பிறருக்குச் செய்த தீங்கும் இதில் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் சொல்லும் நூலைக் காசு கொடுத்து வாங்குங்கள். சொல்லாததை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.